ஆயுத பூஜையன்று நின்றுபோன கணக்கு

1

போன வியாழக்கிழமை மதியம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்காகக் கேக் வெட்டினார்கள். நான் ஜெர்மனிக்கு வந்து, இதே கட்டடத்தின் இதே மூன்றாம் மாடியில் வேலைக்குச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம் முடிந்ததாம். எனக்கே நினைவில்லை. அலுவலகச் செயலாளர் அம்மாள்தான் நாட்காட்டியில் குறித்து வைத்திருந்தார்.

எங்கள் குழுவின் தலைவரான பேராசிரியர் காகிதத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பேசினார். நல்ல மனிதர் என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். "இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் இவர் ஒருநாள்கூடக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

கோயமுத்தூரில் இதைப் படிக்கிற என் சொந்தக்காரர்களுக்கு இது எதற்குக் கோபம் என்று தோன்றும். 'பரவால்லையே, நம்ம அம்மணி போன எடத்துல நல்ல பேரு வாங்கியிருக்குது' என்று சந்தோஷப்படுவார்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்த நல்ல பேரை நான் எப்படி வாங்கினேன் என்று சொல்கிறேன். சொல்லி முடித்தபின் நீங்கள் என்னைத் திட்டினாலும் எனக்குச் சம்மதம்.

2

முதலில் என் வேலை. ஊருக்கு வரும்போதெல்லாம் "என்ன வேலை கண்ணு பாக்கறே?" என்று கேட்கிறார்கள். கணினியில் வேதியியல் என்கிறேன். பொள்ளாச்சி மாமா ஒருவர், "அப்ப கெமிக்கலைக் கையில தொடவே மாட்டியா? சம்பளத்த மட்டும் தொடுவியாக்கும்" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். அவருக்கும் சேர்த்துத்தான் இந்த விளக்கம்.

ஒரு மூலக்கூறு ஒரு சவ்வின் துளைக்குள் நுழைந்து மறுபக்கம் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வழியில் எந்த இடத்தில் அதற்கு எவ்வளவு சிரமம் என்று தெரிந்துவிட்டால், அது போகுமா போகாதா என்று சொல்லிவிடலாம். அந்தச் சிரமத்தை அளக்கிற அளவுக்குப் பாடப்புத்தகத்தில் கட்டிலா ஆற்றல் என்று பெயர். துளையின் நீளத்துக்கு அதை வரைந்தால் ஒரு மேடு வரும். மேடு உயரமாக இருந்தால் மூலக்கூறு தாண்டாது, குட்டையாக இருந்தால் தாண்டிவிடும். அந்த மேட்டின் உயரத்தைக் கணினியில் அளப்பதுதான் என் பிழைப்பு.

அளப்பது அத்தனை சுலபமில்லை. மூலக்கூறை அதன் போக்கில் விட்டால் பள்ளத்திலேயே கிடக்கும், மேட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அதனால் முதலில் அதைத் துளை வழியாக ஒருமுறை வலுக்கட்டாயமாக இழுத்துப் போவோம். போகிற வழியில் நாற்பது இடங்களில் அது இருக்கிற நிலையைச் சேமித்துக்கொள்வோம். பிறகு அந்த நாற்பது நிலைகளிலிருந்தும் தனித்தனியாகக் கணக்கை ஓட்டுவோம். ஒவ்வொன்றிலும் மூலக்கூறை ஒரு கற்பனை ஸ்பிரிங்கால் அந்த இடத்திலேயே கட்டிப்போட்டு, அது எந்தப் பக்கம் எவ்வளவு திமிறுகிறது என்று பதிவு செய்வோம். இந்த இடங்களுக்கு எங்கள் தொழிலில் ஜன்னல் என்று பெயர். ஒரு ஜன்னலில் நிற்கிற மூலக்கூறு பக்கத்து ஜன்னலையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும், அப்போதுதான் இரண்டையும் சேர்த்துத் தைக்க முடியும். நாற்பதையும் தைத்தால் மேடு கிடைக்கும்.

இந்தப் பக்கமிருந்து போனாலும் அந்தப் பக்கமிருந்து வந்தாலும் மேடு ஒரே உயரம்தான் இருக்க வேண்டும். வேறுபட்டால் கணக்கில் ஓட்டை. இது முதல் மாதத்திலேயே மாணவர்களுக்குச் சொல்லித் தருகிற பாடம்.

நான் இங்கே வந்த புதிதில், துணிக்குப் போடுகிற ஒரு சாயத்தின் மூலக்கூறை ஒரு வடிகட்டிச் சவ்வின் வழியாக இழுத்து மேடு வரைந்தேன். ஒரு பக்கத்திலிருந்து மட்டும். மறுபக்கமிருந்தும் இழுத்துப் பார்க்கட்டுமா என்று கேட்டதற்குப் பேராசிரியர் நேரமில்லை என்றார். என் விசா முடிய நான்கு மாதம்தான் இருந்தது, எனக்கும் நேரமில்லை. மேடு நல்ல உயரமாக வந்தது. இந்தச் சவ்வு சாயத்தைத் தடுத்துவிடும் என்று எழுதினோம். அந்தக் கட்டுரையை வைத்துத்தான் எங்கள் குழு பெயர் வாங்கியது. அதை வைத்துத்தான் நானும் இந்த நாட்டில் ஒட்டிக்கொண்டேன்.

3

சுமதி என்னைவிட நான்கு வயது சின்னவள். கோவையில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது அவள் எம்.எஸ்சி. படித்தாள், இருவரும் ஒரே விடுதி. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஒரு ஊர். அவள் அப்பாவுக்குச் சாயப்பட்டறையில் வேலை, அம்மாவுக்கு ஈரோட்டில் மஞ்சள் குடோனில் கிழங்கு பொறுக்கும் வேலை. அந்த வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள் அவள்தான்.

இப்போது பெருந்துறைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் வேதியியல் சொல்லித் தருகிறாள். வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் பதிந்திருந்தாள். அந்தப் பதிவை இரண்டு முறை நீட்டித்துவிட்டார்கள், மூன்றாம் முறை கிடையாது. இந்த ஜூன் மாதக் கடைசிக்குள் அவள் பெயரில் ஒரு கட்டுரை ஏற்கப்பட்டிருந்தால்தான் ஆய்வேட்டை வாங்குவார்கள். ஆய்வேடு இல்லாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருஷம் வேலை இல்லை என்று கல்லூரி நிர்வாகம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்க்கா, நீங்க பண்ணுன அந்தச் சவ்வு, நம்மூருப் பட்டறைல போடற சாயத்தையும் தடுக்குமுங்களா? எங்கப்பா கேக்கறாருங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. என் பழைய கோப்புகளை எல்லாம் அனுப்பினேன். முதலில் என் கணக்கை அப்படியே திரும்பச் செய்து பார், பிறகு உங்கள் ஊர்ச் சாயத்துக்குப் போகலாம் என்றேன்.

கல்லூரிக் கணினிக்கூடத்தில் நாற்பது கணினிகள். ஒரு கணினிக்கு ஒரு ஜன்னல். மாணவர்கள் இல்லாத நாளில்தான் ஓட்ட முடியும் என்பதால் போன வருஷம் ஆயுத பூஜை விடுமுறைக்காகக் காத்திருந்து, நாற்பதையும் ஓடவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் பூஜை. கூடத்து உதவியாளர் பழனிச்சாமி அண்ணன் கதவைத் திறந்தார். நோம்பி நாளில் நாற்பது எந்திரமும் இரைந்துகொண்டிருப்பதைப் பார்த்துப் பதறிவிட்டார். மெயின் சுவிட்சை அணைத்தார். எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார், பொரியும் சுண்டலும் படைத்தார், பூட்டிக்கொண்டு போய்விட்டார். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாது அல்லவா.

விடுமுறை முடிந்து வந்த சுமதிக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏனுங்கண்ணா, இப்புடிப் பண்ணிப்போட்டீங்களே!" என்று கேட்டிருக்கிறாள்.

"ஏனுங் மேடம், வருசம் பூராவும் ஓடற மெசினுங்க. ஆயுத பூசையன்னிக்குக்கூட லீவு உடாட்டிப் பாவமில்லீங்களா?" என்றாராம் அவர்.

பாதிக் கோப்புகள் கெட்டுப்போயிருந்தன. மறுபடியும் முதலிலிருந்து இழுக்க வேண்டும். அப்போதுதான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். "எப்படியும் புதுசாத்தானுங்க இழுக்கோணும். இந்தத் தடவ அந்தப் பக்கமிருந்து இழுத்துப் பாக்கறனுங்க்கா" என்று எனக்குச் செய்தி அனுப்பினாள். சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டேன். பன்னிரண்டு வருஷமாக நான் செய்யாமல் விட்டதை அவள் செய்யப் போகிறாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

மேடு பாதி உயரத்துக்கும் கீழே வந்தது.

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். அந்தச் சாய மூலக்கூறு தட்டையாக, நீளமாக இருக்கும். பீரோவை வீட்டுக்குள் கொண்டுபோகிறவர்களுக்குத் தெரியும், குறுக்காகத் தூக்கினால் வாசலில் முட்டும், நீளவாக்கில் திருப்பினால் போய்விடும். என் கணக்கில் அது குறுக்காக நுழைந்திருக்கிறது. துளை குறுகல், உள்ளே போனபின் திரும்ப இடமில்லை. ஆகவே நாற்பது ஜன்னலிலும் குறுக்காகவே நின்று முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அது எவ்வளவு தூரம் போயிற்று என்று மட்டும் அளந்தேன், எந்தச் சாய்வில் நிற்கிறது என்று பார்க்கவில்லை. சுமதி இழுத்தபோது நீளவாக்கில் வந்தது, வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் தடுக்கும் என்று எழுதிய சவ்வு சாயத்தைத் தடுக்காது.

4

நவம்பரில் வீடியோ கூட்டம். பேராசிரியர், குழுவில் ஆறு பேர், பெருந்துறையிலிருந்து சுமதி. அன்று நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்த என் மகள் இனியா சாப்பாட்டு மேசையின் மறுகோடியில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது.

சுமதி நன்றாகத்தான் பேசினாள். கணக்கை ஏன் பாதியில் நிறுத்தித் திரும்பத் தொடங்கினீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். மின்வெட்டு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவள் நடந்ததை அப்படியே சொன்னாள். எங்கள் ஊரில் வருஷத்தில் ஒருநாள் கருவிகளுக்கு ஓய்வு கொடுப்போம், அன்று நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். "கணினிகளுக்கு விடுமுறையா? சம்பளத்தோடா?" என்றார். ஆறு பேரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன்.

நான் யார் தெரியுமா? கோவை கணபதிப் பகுதியில் பம்புசெட் உதிரிபாகம் கடைந்த பட்டறைக்காரர் மகள். ஆயுத பூஜைக்கு லேத்து மெஷினைக் கழுவி வாழைக்கன்று கட்டியவள். கோவை ஆய்வகத்தில் நிறமாலைமானிக்குத் திருநீற்றுப் பட்டை போட்டு, லென்சில் படாமல் போடு என்று சீனியரிடம் திட்டு வாங்கியவள். அந்த நான், திரையில் ஒரு சின்னக் கட்டத்துக்குள் சுமதி பார்த்துக்கொண்டிருக்கும்போது சிரித்தேன். சத்தமாக, மற்றவர்கள் நிறுத்திய பிறகும் ஒரு நொடி கூடுதலாக.

இப்படி அவ்வப்போது நிற்கிற கணினிகளில் வந்த முடிவை நம்புவது கடினம், இன்னொரு முறை சரிபாருங்கள் என்று பேராசிரியர் கனிவாகச் சொல்லி முடித்தார். "ஓகே சார், தேங்க்யூ சார்" என்றாள் சுமதி.

கூட்டம் முடிந்ததும் இனியா தலையைத் தூக்கினாள். "ஏம்மா சிரிச்ச? சுமதி சித்தி ஜோக் சொல்லலையே."

"அது பெரியவங்க விஷயம்" என்றேன்.

"ஆயுத பூஜைன்னா என்ன?"

பன்னிரண்டு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைச் சொல்லியிருக்கவில்லை. இந்தப் பெண் ஊருக்குப் போன் பேசும்போது பெரியம்மாவையும் 'நீ' என்கிறாள், பெரியப்பாவையும் 'நீ' என்கிறாள், ஒரு 'ங்க' வராது. 'உம்பட புள்ளைக்கு மரியாதையே தெரியலையே' என்று என் அக்கா கேட்டபோது நான் குறுகிப்போயிருக்கிறேன். அன்று அவள் எதிரில் யாருக்கு மரியாதை தெரியவில்லை என்று எனக்கே சந்தேகம் வந்தது. விளக்கம் சொல்லாமல் எழுந்து போய் டீ போட்டேன்.

5

மனசு கேட்காமல் எங்கள் பெரிய கணினித் தொகுதியில் நானே இரண்டு பக்கமிருந்தும் இழுத்து ஓட்டினேன். இரண்டு வாரம் ஆயிற்று. சுமதி சொன்னது அச்சு அசலாகச் சரி.

பேராசிரியரிடம் காட்டினேன். ஐந்து நிமிடம் இரண்டு மேடுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து வெள்ளைப் பலகையில் வரைய ஆரம்பித்துவிட்டார். "பிரமாதம்! நம்முடைய பழைய முடிவை நாமே திருத்துகிறோம். இதைவிட நேர்மை என்ன இருக்கிறது?" என்றார்.

ஜனவரி முதல் வாரத்தில் கட்டுரையின் வரைவு வந்தது. ஐந்து பெயர்கள், அதில் என் பெயர் இரண்டாவது. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், பயனுள்ள உரையாடலுக்காகச் சுமதிக்கு நன்றி. உரையாடலாம்!

அவர் அறைக்குப் போனேன். சுமதியின் பெயர் ஆசிரியர் வரிசையில் வர வேண்டாமா என்று கேட்டேன். கேட்டேன் என்று சொல்வதே அதிகம், தரையைப் பார்த்து முனகினேன். கட்டுரையில் இருக்கிற தரவு எல்லாம் நம் கணினியில் ஓடியது, சுமதி என்ன திட்டமிட்டா கண்டுபிடித்தார், யாரோ சுவிட்சை அணைத்ததால் வந்த தற்செயல்தானே என்றார். "புரிகிறது" என்றேன். பன்னிரண்டு வருஷமாக ஒருமையில் பேசு, நாமெல்லாம் நண்பர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜெர்மனில் அவருக்கு இன்னும் மரியாதைச் சொல்தான் போடுகிறேன். அன்றும் அதைப் போட்டு நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன் என்று நீங்கள் கேட்கலாம்.

வாயில் வைத்திருந்தது வேலை ஒப்பந்தம். இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனுப் போட்டிருந்தேன். குடியுரிமை அலுவலகத்தில் என் கோப்பைப் புரட்டிய அம்மாள், ஒப்பந்தம் செப்டம்பரில் முடிகிறதே, புது ஒப்பந்தம் கொண்டுவந்தால்தான் மனு நகரும் என்றார். புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் பேராசிரியர். நான் ஏதோ விளக்க வாயெடுத்து ஒரு வினைச்சொல்லைத் தப்பாகப் போட்டுவிட்டேன். உடனே அந்த அம்மாள் குழந்தைக்குச் சொல்வதுபோல் ஒவ்வொரு வார்த்தையாக, சத்தமாக, மறுபடி சொன்னார். சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

சுமதிக்குப் போன் செய்து நன்றியுரை விஷயத்தைச் சொன்னேன். அவள் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையால் அவளுக்குக் காலணாப் பயனில்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"பரவால்லீங்க்கா" என்றாள். "நீங்க சங்கடப்படாதீங்க."

எங்கள் பக்கத்துப் பேச்சில் கோபத்துக்கும் ஒரு 'ங்க' உண்டு. வெளியூர்க்காரர்களுக்கு அது கேட்காது, என்ன தன்மையான ஜனங்கள் என்பார்கள். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

6

அப்பா பட்டறையில் ஆறுமுகம் என்று ஒரு கடைசல்காரர் இருந்தார். ஒரு பம்பின் உள்பாகத்தை அவர் மாற்றிக் கடைந்த பிறகு அது சத்தமில்லாமல் ஓடியது, அதற்குப் பிறகுதான் எங்கள் வியாபாரம் தூக்கியது. பம்பின் மேல் அப்பா பெயர். ஆறுமுகத்துக்கு ஆயுத பூஜைக்கு வேட்டியும் ஒரு பொரிப் பொட்டலமும். அப்பாவைவிட வயதில் மூத்தவரை 'வாடா ஆறுமுகம்' என்றுதான் கூப்பிடுவார், அவர் 'ஏனுங்' என்றுகொண்டே வருவார். அதை நான் அநியாயம் என்று நினைத்ததே இல்லை. அதுதான் நடைமுறை என்று நினைத்தேன்.

இந்த நாட்டில் என்னை ஓரங்கட்டுகிறார்கள், என் யோசனையை அடுத்தவர் சொன்னால்தான் காதில் வாங்குகிறார்கள் என்று ஊருக்கு எத்தனை போன் செய்து புலம்பியிருப்பேன்! விடுதி நாளிலிருந்து சுமதி எனக்கு 'ங்க' போடுகிறாள், நான் அவளை 'ஏ சுமதி' என்கிறேன். வயதுதான் காரணம் என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டேன். எங்கள் விடுதியில் அவளைவிடச் சின்னவர்கள் சிலர் இருந்தார்கள், அவர்களில் நிலபுலன் உள்ள தோட்டங்காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைகளை நான் 'வாங்க போங்க' என்றுதான் பேசினேன். பேராசிரியர்மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி, அவர் என் அப்பா மாதிரி இருக்கிறார் என்பதால் வந்தது. மீதிப் பாதி, நானும் அதே வார்ப்பு என்பதால்.

பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே. கட்டுரையை அனுப்பினார்கள், அது பரிசீலனையில் கிடந்தது. ஒப்பந்தம் வரட்டும், வந்தவுடன் பேசிவிடலாம் என்று நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். சுமதிக்கு ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை. அவளும் செய்யவில்லை.

7

புது ஒப்பந்தம் கையெழுத்தாகி ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் கைக்கு வந்தது. வியாழக்கிழமை எனக்கு வீரம் வந்தது. இதை மறைத்து எழுதினால் நான் மனுஷியே இல்லை.

ஒருநாள்கூடக் கோபப்பட்டதில்லை என்று அவர் சொல்லி, கைதட்டல் ஓய்ந்ததும், நான் பேச வேண்டிய முறை. நன்றி சொல்வேன் என்று எல்லோரும் சிரித்த முகமாக நின்றார்கள். "நான் கோபமாகத்தான் இருக்கிறேன்" என்றேன். "நாம் அனுப்பியிருக்கிற கட்டுரை சுமதியுடையது. தப்பு என்னுடையது, அதைக் கண்டுபிடித்தது அவர். அவர் பெயர் அதில் இல்லை. நவம்பரில் அவரைப் பார்த்து நாம் எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்." ஜெர்மனில் அத்தனை இலக்கணமும் போயிற்று. எவருக்கும் புரியாமல் இல்லை.

யாரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார்கள். பேராசிரியரின் கழுத்து சிவந்தது. "இதை என் அறையில் பேசலாம்" என்றார்.

அறையில் அரை மணி நேரம். இப்படி எல்லோர் முன்னாலும் சொன்னது நாகரிகமில்லை என்று பத்து நிமிடம். கடைசியில், திருத்திய வடிவம் அனுப்பும்போது சுமதியை ஆறாவது பெயராகச் சேர்க்கலாம் என்று இறங்கி வந்தார். ஆறாவது! கண்டுபிடித்தவளுக்கு வால். அதற்கும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதுதான் அசிங்கம். ஜூன் முடிய ஒரு வாரம்கூட இல்லை, கட்டுரை எப்போது ஏற்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பெரிதாக ஏதோ வெட்டி முறித்துவிட்ட மாதிரி, உன் பெயரைச் சேர்க்க வைத்துவிட்டேன் என்று சுமதிக்கு உடனே எழுதினேன்.

8

மறுநாள் காலையில் பதில் வந்திருந்தது. 'ரொம்ப நன்றிங்க்கா. ஆய்வேட்டைத் திங்கக்கெழமையே குடுத்துட்டனுங்க. கட்டுரை போன வாரம் ஏத்துக்கிட்டாங்க. நேரம் இருந்தாப் பாருங்க.' கூடவே ஒரு கோப்பு.

திறந்தேன். ஆசிரியர் ஒரே ஒருவர், சுமதி. பெரிய இதழ் இல்லை, ஆனால் நாணயமான இதழ். இரண்டு பக்கமிருந்தும் இழுத்திருந்தாள். தூரத்தோடு மூலக்கூறின் சாய்வையும் சேர்த்து அளந்திருந்தாள், எங்கள் கட்டுரையில் அது இல்லை. போகிற மேடும் வருகிற மேடும் ஒன்றன்மேல் ஒன்று அப்படியே பொருந்தியிருந்தன. முறைகளைச் சொல்லும் பகுதியில் ஒரு ஒளிவுமறைவும் இல்லாமல், ஆயுத பூஜைக்காகக் கணினிகள் நிறுத்தப்பட்டதாலும் கோப்புகள் கெட்டதாலும் கணக்கு எதிர்ப்பக்கமிருந்து மீண்டும் தொடங்கப்பட்டது என்று எழுதியிருந்தாள். நன்றி, கணினிக்கூட உதவியாளர் பழனிச்சாமிக்கு.

என் பெயரைத் தேடினேன். தேடினேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில் இருந்தது. முந்தைய ஆய்வு மூலக்கூறின் ஒரே சாய்வை மட்டும் கணக்கில் கொண்டது, மறுபக்கமிருந்து சரிபார்க்கவில்லை, அதனால் மேட்டின் உயரத்தைத் தவறாக மதிப்பிட்டது என்று ஒரு வாக்கியம். மேற்கோள் எண் மூன்று. கடைசிப் பக்கத்தில் மூன்றாம் எண்ணுக்கு எதிரே நான்.

எங்கள் கட்டுரை இன்னும் வெளியே வரவில்லை. இனி வந்தாலும் புதிதாகச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. இதைப் பேராசிரியரிடம் நான்தான் காட்ட வேண்டும். எனக்கு முதலில் வந்தது சுமதிமேல் கோபம். என் கோப்புகளை வாங்கிக்கொண்டு, எனக்கே தெரியாமல்! அந்தக் கோபத்தோடுதான் போன் செய்தேன்.

"சொல்லுங்க்கா. நல்லா இருக்கறீங்களா? இனியா நல்லாருக்குதுங்களா?" என்றாள். பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல்.

"எப்ப இதையெல்லாம் ஓட்டினே?"

"பொங்கல் லீவுலீங்க. நாலு நாளும் பழனிச்சாமியண்ணன் லேபு வாசல்லயே சேரு போட்டு உக்காந்துட்டாருங்க, ஒருத்தரயும் சுவிச்சுப் பக்கம் உடல. பொங்கலுக்கு மாட்டுக்குத்தானுங் மேடம் லீவு, மெசினுக்கு இல்லீங்க அப்படின்னு சொல்லிப்போட்டாரு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சுமதி."

"சொல்லியிருக்கலாமுங்க்கா" என்றாள். "சொன்னா, அவருகிட்டச் சொல்றதா வேண்டாமான்னு நீங்க ரோசனை பண்ணோணும். உங்களுக்கு எதுக்குங்க அந்தக் கஷ்டம்?"

நான் என்ன முடிவு செய்திருப்பேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. ஜனவரியில் என்னிடம் சொல்லியிருந்தால் நான் பேராசிரியரிடம் ஓடியிருப்பேனா, மாட்டேனா? எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுதும்போதே பதில் தெரிந்துவிடுகிறது.

"அக்கா, ரெண்டாம் பக்கம் பாத்தீங்களா? உங்க கட்டுரையப் பத்தி ஒரு வரி எழுதியிருக்கறனுங்க. அதுல எதாச்சும் தப்பு இருந்தாச் சொல்லுங்க. அச்சுக்குப் போற ப்ரூப் எங்கைலதான் இருக்குதுங்க, நாளைக்குத்தான் திருப்பியனுப்போணும். மாத்திப்போடலாம்."

உண்மையாகத்தான் கேட்டாள். ஒரு வார்த்தை போதும். 'தவறாக' என்பதை எடுத்துவிட்டு 'சற்று அதிகமாக' என்று போடச் சொன்னால் போட்டிருப்பாள், மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டாள். போனைக் காதில் வைத்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். என் பன்னிரண்டு வருஷத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

"இல்ல சுமதி. சரியாத்தான் எழுதியிருக்கறீங்க" என்றேன்.

"அப்ப அப்படியே உட்டர்றனுங்க்கா" என்றாள்.